3டி பிரின்ட்டில் வந்த உலோகப் பாகத்தை வழவழப்பாக்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

போன ஆவணியில் ஒரு தம்பி சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு வந்தார். கையில் துண்டில் சுற்றிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இம்பெல்லர், அதாவது பம்புக்குள் சுழலும் இறக்கைச் சக்கரம். ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையின் பம்புக்காக வெளியூரில் லேசர் பிரின்ட் செய்து வாங்கியது. "அண்ணே, கொலுசு மாதிரி பளபளன்னு ஆக்கிக் குடுங்க, போதும்" என்றார்.

அவரே வீட்டில் பஃப் வீலில் (மெழுகு தடவிய துணிச் சக்கரம்) இரண்டு நாள் தேய்த்துப் பார்த்திருக்கிறார். பளபளப்பு வந்திருந்தது. ஆனால் விரலை வைத்தால் உப்புத்தாளைத் தொட்டது போல இருந்தது. மேடுகளின் தலை மட்டும் மின்ன, பள்ளங்களில் பஃப் மெழுகு கறுப்பாக அடைத்துக்கொண்டிருந்தது. அந்த மெழுகை எடுக்கவே எங்களுக்கு ஒரு நாள் ஆனது.

இந்தத் தப்பைப் புதிதாக வருபவர்களில் பாதிப் பேர் செய்கிறார்கள். வேலை தெரியாமல் செய்வதில்லை, வரிசை தெரியாமல் செய்கிறார்கள். அதனால் வரிசையை மட்டும் எழுதுகிறேன். பவுடர் பெட் லேசர் முறையில் (உலோகப் பவுடரை லேயர் லேயராகப் பரப்பி லேசரால் உருக்குவது) வந்த 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத்தான் முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன். அலுமினியமும் டைட்டானியமும் எங்கே வேறுபடுகின்றனவோ அங்கே சொல்கிறேன்.

1. முதலில் கணக்கு: எவ்வளவு தோல் உரியும்?

எந்த மெஷினையும் தொடும் முன் ஒரு காகிதத்தை எடுங்கள். மெருகு என்பது கடைசியில் உலோகத்தைக் குறைப்பதுதான். எவ்வளவு குறைப்போம் என்று தெரியாமல் ஆரம்பித்தால், வழவழப்பு வரும்போது அளவு போயிருக்கும்.

பிரின்ட்டரிலிருந்து வந்த பாகத்தின் பக்கச்சுவரில் சொரசொரப்பு பொதுவாக 5 முதல் 15 மைக்ரான் ஆர்ஏ இருக்கும். மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆர்ஏ (Ra) மேடு பள்ளங்களின் சராசரி மட்டுமே. மேட்டின் உச்சிக்கும் பள்ளத்தின் அடிக்கும் உள்ள தூரம் அதைப்போல ஐந்தாறு மடங்கு வரும். ஆக 10 மைக்ரான் ஆர்ஏ என்றால் 50, 60 மைக்ரான் ஆழத்துக்குப் பள்ளம் இருக்கிறது. அந்த அடி வரை போகாமல் பள்ளம் மறையாது.

அதனால் வெறும் மெருகுக்கு மட்டும் ஒரு முகத்துக்கு 0.1 மில்லிமீட்டர் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விட்டத்தில் அது 0.2 ஆகிவிடும். 1 மில்லிமீட்டர் தடிமன் உள்ள பிளேடுக்கு இரண்டு பக்கமும் மெருகு போட்டால் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகிறது. அந்தத் தம்பியின் இம்பெல்லர் பிளேடு அப்படித்தான் இருந்தது, டிராயிங்கில் கூடுதல் தடிமன் எதுவும் விடவில்லை.

இன்னொரு எல்லையும் உண்டு. லேசர், பாகத்தின் ஓரத்தை ஒரு விதமாகவும் உட்புறத்தை வேறு விதமாகவும் உருக்கும். இரண்டும் சேரும் இடத்தில், தோலுக்குக் கீழே சுமார் 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் ஆழத்தில், நுண்துளைகள் ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆசையில் தேய்த்துக்கொண்டே போனால் கண்ணாடி போல வந்த முகத்தில் திடீரென்று ஊசி குத்தியது போலப் புள்ளிகள் தெரியும். மேலும் தேய்த்தால் இன்னும் வரும். ஒன்று அந்த ஆழத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும், அல்லது மெஷினில் அரை மில்லிமீட்டர் வெட்டி அதைத் தாண்டிவிட வேண்டும். நடுவில் நிற்பதுதான் ஆபத்து.

2. பாகம் வரும்போதே கேட்டு வாங்க வேண்டியவை

பிரின்ட் செய்தவரிடமிருந்து நான்கு விவரம் வேண்டும்: எந்த உலோகம், ஒரு லேயர் எத்தனை மைக்ரான், பிளேட்டில் (பாகம் பிரின்ட் ஆகி வளரும் அடித்தட்டு) எந்தப் பக்கம் கீழே இருந்தது, வெப்பச் சிகிச்சை முடிந்ததா இல்லையா. மூன்றாவதைத்தான் யாரும் சொல்வதில்லை. அதுதான் ரொம்ப முக்கியம்.

காரணம், ஒரே பாகத்தில் நான்கு விதமான கரடு இருக்கும். செங்குத்துச் சுவரில் பாதி உருகிய பவுடர் மணிகள் ஒட்டியிருக்கும். பவுடரே 15 முதல் 45 மைக்ரான் அளவுதான், ஆகவே அந்தக் கரடு மணல் தெளித்தது போலச் சீராக இருக்கும். சரிவான முகத்தில் லேயர் லேயராகப் படிக்கட்டு தெரியும். 40 மைக்ரான் லேயரில் 45 டிகிரிச் சரிவு என்றால் படியின் உயரம் ஏறக்குறைய 28 மைக்ரான். சரிவு இன்னும் படுத்து 20 டிகிரி ஆனால் 38 மைக்ரானுக்குப் போகும், படியும் அகலமாகிக் கண்ணுக்கே தெரியும்.

கீழ்நோக்கிய முகம் எல்லாவற்றிலும் மோசம். அங்கே லேசர் உருக்கிய உலோகத்துக்குக் கீழே தாங்கல் இல்லாமல் வெறும் பவுடர்தான் இருந்தது. உருகியது அதில் இறங்கிச் சொட்டுச் சொட்டாக உறைந்திருக்கும். நான்காவது, சப்போர்ட் (பிரின்ட் ஆகும்போது பாகத்தைத் தாங்கும் குச்சிகள்) உடைத்த தழும்பு.

நான்கையும் ஒரே கருவியால் எடுக்க முயன்றால், மோசமான முகம் சரியாவதற்குள் நல்ல முகம் தேய்ந்து அளவு கெட்டுவிடும்.

பட்டறைக்கு வேண்டிய சாமான்கள்: பிளாஸ்டிங் கேபின் (காற்றழுத்தத்தில் துகள் அடிக்கும் பெட்டி), ஈரம் பிரிக்கும் பில்டரோடு கம்ப்ரஸர், வைப்ரோ பாத்திரம் (தேய்க்கும் கற்களோடு பாகத்தை அதிரவைப்பது), டை கிரைண்டர், கார்பைடு பர் (அதில் மாட்டும் சுழலும் வெட்டுமுனை), அரங்கள், 120 முதல் 600 வரை எமரி, மைக்ரோமீட்டர், சொரசொரப்பு அளக்கும் கருவி. கடைசியில் சொன்னது இல்லாமலும் வேலை செய்யலாம், ஆனால் வாடிக்கையாளரோடு சண்டை நிச்சயம்.

3. நெருப்பும் தூசியும்

இதைப் பின்னால் வைத்தால் யாரும் படிப்பதில்லை, அதனால் இங்கேயே.

அலுமினியம், டைட்டானியம் பவுடர் காற்றில் பரவினால் ஒரு பொறியில் வெடிக்கும். சாதாரண வேக்குவம் கிளீனரால் உறிஞ்சாதீர்கள், உள்ளே இருக்கும் மோட்டாரின் பொறி போதும். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, உலோகத் தீக்கான டி வகை அணைப்பான் அல்லது நன்றாகக் காய்ந்த மணல் மட்டும். எங்கள் பட்டறையில் ஒரு பெயின்ட் டப்பா நிறைய மணல் மூடியோடு இருக்கிறது. மூடி எதற்கென்றால், ஈர மணல் தண்ணீர் ஊற்றியதற்குச் சமம்.

இரும்பு தேய்த்த கிரைண்டரில் அலுமினியத்தைத் தேய்க்காதீர்கள். துருவும் அலுமினியத் தூளும் சேர்ந்தால் தண்டவாளத்தை ஒட்டவைக்கிற தெர்மிட் கலவைதான். அலுமினியத்துக்குத் தனிச் சக்கரம், தனித் தூசிப் பெட்டி.

316எல் இவ்வளவு பயமுறுத்தாது. ஆனால் அதன் தூசியில் நிக்கலும் குரோமியமும் உண்டு. துணியைக் கட்டிக்கொண்டு வேலை பார்ப்பது பழைய பட்டறைப் பழக்கம், அது போதாது. பில்டர் மாற்றக்கூடிய ரப்பர் முகமூடி வாங்கிவிடுங்கள்.

4. பிரின்ட்டுக்கு முன்பே பேச முடிந்தால்

பலருக்கு இந்த வாய்ப்பு கிடைக்காது. கிடைத்தால் மூன்று வார்த்தை பேசுங்கள், பிறகு மூன்று நாள் உழைப்பு மிச்சம்.

முக்கியமான முகம் மேலே அல்லது செங்குத்தாக வரும்படி பாகத்தைத் திருப்பச் சொல்லுங்கள். பிளேட்டிலிருந்து 45 டிகிரிக்குக் கீழே படுக்கும் அடிமுகத்துக்குப் பொதுவாக சப்போர்ட் தேவைப்படும், சப்போர்ட் வந்தால் தழும்பு வரும். அந்தத் தழும்பு, கருவி போய்ச் சேரக்கூடிய இடத்தில் விழட்டும். இம்பெல்லரின் இரண்டு பிளேடுக்கு நடுவே சப்போர்ட் நின்றால் அதை எடுக்க அரமும் போகாது, பரும் போகாது.

பிறகு அலவன்ஸ். மெருகு மட்டும் போடும் முகத்துக்கு 0.15, லேத்திலோ மில்லிங்கிலோ வெட்டும் முகத்துக்கு 0.5 மில்லிமீட்டர் கூடுதலாக விடச் சொல்வேன். சின்ன ஓட்டைகளை, குறிப்பாக மரை போடும் ஓட்டைகளை, பிரின்ட் செய்யவே வேண்டாம் என்பேன். பிரின்ட்டில் வந்த ஓட்டையில் துரப்பண முனை கரட்டைப் பிடித்துக்கொண்டு கோணலாக இழுக்கும். சும்மா விட்டுவிட்டால் நேராகத் துளைத்துக்கொள்ளலாம்.

5. பவுடரை முழுசாக வெளியேற்றுங்கள்

பாகத்தைத் தட்டி, திருப்பி, மீண்டும் தட்டுங்கள். ரப்பர் சுத்தியலால் பிளேட்டின் ஓரத்தில் தட்டினால் உள்வழிகளில் தேங்கிய பவுடர் ஒழுகும். காற்றடிப்பது கடைசியில், அதுவும் கேபினுக்குள். அலுமினியம், டைட்டானியமாக இருந்தால் பிரின்ட் செய்த இடத்திலேயே முடித்து அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்த படி சூளை. உள்ளே பவுடர் மிச்சமிருந்தால் சூட்டில் அது ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், பிறகு அந்த வழி அடைத்தது அடைத்ததுதான். பவுடர் எல்லாம் வந்துவிட்டதா என்று சந்தேகம் இருந்தால் பாகத்தை எடை போட்டு, டிசைன் கொள்ளளவிலிருந்து வர வேண்டிய எடையோடு ஒப்பிடுங்கள். 316எல் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 8 கிராம். வெள்ளி எடை போடும் தராசு நம் ஊரில் எந்தத் தெருவில் இல்லை!

6. பிளேட்டில் இருக்கும்போதே சூடு, பிறகு வெட்டு

லேசர் உருக்கி உடனே உறைவதால் பாகத்துக்குள் இழுவிசை தேங்கியிருக்கும். பிளேட்டோடு சேர்த்துச் சூடாக்கி ஆற்றிய பிறகுதான் வெட்ட வேண்டும். முதலில் வெட்டினால் மெல்லிய பாகம் வாழை மட்டை காய்ந்தது போல வளைந்துகொள்ளும். வளைந்ததை மெருகு போட்டு நேராக்க முடியாது.

சூடும் நேரமும் உலோகத்தைப் பொறுத்தது, பவுடர் கொடுத்தவரின் தாளைப் பாருங்கள். சிலிக்கான் கலந்த ஏஎல்எஸ்ஐ10எம்ஜி அலுமினியத்துக்கு ஏறக்குறைய 300 டிகிரியில் 2 மணி நேரம் வழக்கம். டைட்டானியத்தைத் திறந்த சூளையில் வைக்கவே கூடாது. வெற்றிடம் அல்லது ஆர்கான் வேண்டும், இல்லாவிட்டால் ஆக்ஸிஜன் ஏறி மேல்தோல் கடினமாகி நொறுங்கும் தன்மை பெறும். அதைத் தனியாக உரித்தெடுக்க வேண்டியிருக்கும்.

பிளேட்டிலிருந்து பிரிக்க ஒயர்கட் (மின்பொறியால் வெட்டும் மெல்லிய கம்பி) சிறந்தது. பேண்ட் ஸாவிலும் வெட்டலாம், வாள் அலைவதற்கு 2 மில்லிமீட்டராவது விட்டு வெட்டுங்கள்.

சப்போர்ட்டை இடுக்கியால் முறுக்கி இழுக்கும்போது பாகத்தை நோக்கி இழுக்காதீர்கள். வேரோடு பிடுங்கினால் பாகத்தில் குழி விழும், மேட்டை அரத்தால் எடுக்கலாம், குழியை நிரப்ப முடியாது. 0.3 மில்லிமீட்டர் குச்சியாக மிச்சம் விட்டு உடைத்து, மிச்சத்தைக் கார்பைடு பரால் இறக்குங்கள்.

உள் நுண்துளைகளை மூட அதிக அழுத்த வாயுச் சூளைக்கு அனுப்பும் பாகமென்றால் அதையும் இங்கேயே, மெருகுக்கு முன்பே முடியுங்கள். மேற்பரப்புக்குத் திறந்திருக்கும் துளையை அது மூடாது, வாயு உள்ளேயும் போய்விடுவதால் அழுத்தம் சமமாகிவிடும். மெருகில் துளை வாய் திறந்த பிறகு அனுப்பிப் பயன் இல்லை.

7. பிளாஸ்டிங்: அடிக்க வேண்டாம், சீவுங்கள்

முதல் வேலை ஒட்டிக்கொண்டிருக்கும் பவுடர் மணிகளை எடுப்பது. அவை தங்கியிருந்தால் பிறகு வைப்ரோவில் உதிர்ந்து மீடியாவோடு (தேய்க்கும் கற்கள்) கலந்து மற்ற முகங்களைக் கீறும்.

316எல் என்றால் நான் முதலில் அலுமினா கிரிட் (கூர்மையான துகள்) போடுவேன். 3 முதல் 4 பார் அழுத்தம், ஒரு சாண் தள்ளி, 45 முதல் 60 டிகிரிச் சாய்வு. புதியவர்கள் நாசிலை நேர் செங்குத்தாகப் பிடிப்பார்கள். அப்படிப் பிடித்தால் மணி உதிராமல் உள்ளே அமுங்கும். சாய்த்தால்தான் சீவிக்கொண்டு போகும்.

நேராகக் கண்ணாடி மணிக்குப் போகாததற்கும் காரணம் உண்டு. கண்ணாடி மணி வெட்டாது, தட்டித் தட்டி மேட்டை மடித்துப் பள்ளத்தின் மேல் மூடிவிடும். பார்க்க அழகான மங்கல் வெள்ளை. ஆனால் மடிப்புக்குக் கீழே பள்ளம் அப்படியே இருக்கும், எலக்ட்ரோபாலிஷ் தொட்டியில் (ஆசிட்டில் மின்சாரம் விட்டு மேற்பரப்பைக் கரைப்பது) மடிப்பு கரைந்ததும் வாய் திறக்கும். மங்கல் பினிஷே போதும் என்றால் மட்டும் கடைசியில் கண்ணாடி மணி அடித்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

அலுமினியத்துக்கு இது தலைகீழ். மென்மையான உலோகம் என்பதால் அலுமினா துகள் உள்ளே பதிந்துவிடும். அங்கே கண்ணாடி மணி, 2 பார் போதும்.

எங்கள் சொந்தத் தப்பு ஒன்று. ஆரம்பத்தில் துருப்பிடித்த இரும்பு வார்ப்பு அடித்த அதே கேபினில், அதே கிரிட்டில், ஒரு 316எல் பிராக்கெட்டை அடித்தோம். ஐப்பசி மழை. மூன்றாம் நாள் பாகம் முழுக்க மஞ்சள் தேமல் போலத் துருப் புள்ளிகள். ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்கவில்லை, அதில் பதிந்த இரும்புத் தூள்தான் துருப்பிடித்தது. அன்றிலிருந்து ஸ்டெயின்லெஸுக்கு வேறு கிரிட், வேறு டப்பா, மூடியில் சிவப்புப் பெயின்ட்.

மழைக்காலத்தில் கம்ப்ரஸர் டேங்கின் அடித் திருகைக் காலையும் மாலையும் திறந்து தண்ணீரை வடியுங்கள். ஈரக் காற்றில் கிரிட் கட்டி கட்டியாக நாசிலை அடைக்கும்.

8. வைப்ரோ: இங்கேதான் வேலையே நடக்கிறது

கொலுசுக்கு எஃகுக் குண்டுகளும் சோப்புத் தண்ணீரும் போட்டு டிரம்மில் சுற்ற விடுவோம். அரை மணியில் மின்னும். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த வேலை பொறுமையைச் சோதிக்கும்.

எஃகுக் குண்டு அரிக்காது, அழுத்தி மினுக்கும். கொலுசில் சமப்படுத்த வேண்டிய 60 மைக்ரான் பள்ளம் இல்லை, அதனால் அது போதும். பிரின்ட் பாகத்தை அதே டிரம்மில் போட்டால் தம்பியின் பஃப் வீல் செய்ததைத்தான் இதுவும் செய்யும். முதலில் வெட்டும் மீடியா, பிறகு மினுக்கும் மீடியா. இந்த வரிசை மாறவே கூடாது.

ஸ்டீலுக்கும் டைட்டானியத்துக்கும் செராமிக் மீடியா, அலுமினியத்துக்கு பிளாஸ்டிக் மீடியா. செராமிக் கனமாக இருப்பதால் அலுமினியத்தில் வடு விழும். வடிவத்தைப் பாகத்தின் சந்துகளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். முக்கோணம் மூலைக்குப் போகும், உருளை வளைவுக்குப் போகும்.

அளவுக்கு ஒரு விதி வைத்திருக்கிறேன்: மீடியா ஓட்டையை விடப் பெரிதாக இருக்க வேண்டும், அல்லது ஓட்டையில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இருக்க வேண்டும். இடைப்பட்டதெல்லாம் சிக்கிக்கொள்ளும். வாங்கும்போது சரியாக இருந்த மீடியா மூன்று மாதத்தில் தேய்ந்து அந்த இடைப்பட்ட அளவுக்கு வந்துவிடும், ஒரு நாள் காலையில் பார்த்தால் எல்லா ஓட்டையிலும் ஒவ்வொன்று உட்கார்ந்திருக்கும். மாதம் ஒரு முறை சல்லடையில் சலித்துச் சின்னதை ஒதுக்குங்கள்.

பாகம் ஒரு பங்கு என்றால் மீடியா ஐந்து பங்காவது இருக்கட்டும். குறைந்தால் பாகத்தோடு பாகம் மோதும். எடை மிகுந்த பாகமென்றால் தனியாக ஒன்றே ஒன்று போடுவேன்.

காம்பவுண்டு (மெருகுக்கான சோப்பு போன்ற திரவம்) கலந்த தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் வெட்டிய தூள் கழுவப்படாமல் மீடியாவின் முகத்தில் படியும், மீடியா கண்ணாடி போலாகி வெட்டுவதை நிறுத்திவிடும். சத்தம் மாறும். பழகிய காதுக்கு அடுத்த அறையிலிருந்தே தெரியும்.

நேரம்: சாதாரண வைப்ரோ பாத்திரத்தில் 6 மணி முதல் 24 மணி வரை. சுழல் தட்டு வகை மெஷின் இதைப் பல மடங்கு குறைக்கும், பணமும் அதற்கேற்ப. மணிக்கணக்கை நம்பாதீர்கள். இரண்டு மணிக்கு ஒரு முறை பாகத்தை எடுத்துக் கழுவி மைக்ரோமீட்டரில் அளந்து காகிதத்தில் எழுதுங்கள். 1ஆம் பிரிவில் போட்ட கணக்கில் எவ்வளவு செலவாகிவிட்டது என்று தெரிந்துகொள்ள வேறு வழி இல்லை.

இரண்டு தீமைகள் தவிர்க்க முடியாதவை. கூர்மையான ஓரங்கள் மழுங்கும், அதனால் சீல் உட்காரும் முகத்தை ரப்பர் மூடி போட்டு மறையுங்கள் அல்லது பிறகு வெட்டுவதற்கு விட்டுவிடுங்கள். உள்மூலைகளில் மீடியா போகாது, அங்கே கரடு மிச்சமிருக்கும். வெளியே 1 மைக்ரான் வந்த பாகத்தில் உள்மூலை 8 மைக்ரானாகவே இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

வெட்டிய சேற்றைச் சாக்கடையில் விடாதீர்கள். படியவைத்து, உலர்த்தி, சாக்கில் கட்டி, அனுமதி பெற்ற கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். திருமணிமுத்தாறு ஏற்கனவே படும் பாடு போதும்.

9. மீடியா போகாத இடங்கள்

வெளிப்பக்க மூலை என்றால் கையால்தான். 120 எமரியில் தொடங்கி 180, 240, 320, 400, 600. ஒவ்வொரு எண்ணுக்கும் தேய்க்கும் திசையைக் குறுக்கே மாற்றுங்கள். முந்தைய கோடுகள் முழுவதும் மறைந்ததா என்று அப்போதுதான் தெரியும். 240ஐத் தாண்டிவிட்டு 400க்குப் போனவர்கள் எல்லாருமே திரும்பி வந்திருக்கிறார்கள்.

உள்வழிகளுக்கு, களிமண் பதத்தில் இருக்கும் சிராய்ப்புப் பசையை அழுத்தி இருபுறமும் மாறி மாறித் தள்ளும் முறை உண்டு. நன்றாகவே வேலை செய்யும், ஆனால் இரண்டு முனையும் திறந்திருக்க வேண்டும். வழி கிளை பிரிந்தால் பசை எளிதான கிளையிலேயே ஓடும், குறுகலான கிளை அப்படியே கிடக்கும். நூலில் சிராய்ப்புப் பசை தடவி இழுத்துப் பார்க்கலாம் என்று ஒவ்வொருவரும் ஒரு முறை நினைப்பார்கள். நானும் நினைத்தேன். ஒரு பக்கம் பள்ளம் விழும்.

10. துல்லிய முகங்களை இப்போது வெட்டுங்கள்

பேரிங் உட்காரும் துளை, சீல் முகம், மரை. இவை வைப்ரோவுக்குப் பிறகு, எலக்ட்ரோபாலிஷுக்கு முன். முன்பே வெட்டினால் ஓரம் மழுங்கும். பவுடர் ஒட்டிய நிலையில் வெட்டினால் சக்கில் பாகம் சரியாக உட்காராது, மணிகள் நசுங்கி ஆட்டம் கொடுக்கும்.

வெட்டிய முகத்தை எலக்ட்ரோபாலிஷும் கரைக்கும். அளவு நெருக்கமென்றால் மறைத்துவிட்டுத் தொட்டியில் இறக்குங்கள், அல்லது அங்கே போகும் மைக்ரானைக் கணக்கில் சேர்த்து வெட்டுங்கள்.

11. எலக்ட்ரோபாலிஷ், அது கேட்கும் பாகத்துக்கு மட்டும்

ஜவ்வரிசிப் பால் போன்ற மாவுக் கரைசல் ஓடும் பாகத்துக்கு இது அவசியம். சின்னப் பள்ளத்தில் மாவு தங்கிப் புளித்துப்போகும். வெறும் தாங்கு பிராக்கெட்டுக்கு இது வீண் செலவு.

316எல்லுக்கு பாஸ்பாரிக், சல்பியூரிக் ஆசிட் கலவை. சூடு ஏறக்குறைய 50 முதல் 75 டிகிரி. பாகம் நேர்முனை, எதிரே எதிர்முனைத் தகடு. ஒரு சதுர டெசிமீட்டருக்கு 10 முதல் 50 ஆம்பியர் வரை போகும். உலோகம் நிமிடத்துக்குச் சில மைக்ரான் கரையும். மேடும் கூர்முனையும் முதலில் கரையும் என்பதுதான் இதன் சூட்சுமம்.

இந்த முறை சின்னக் கரட்டை எடுக்கும், பெரிய அலையை எடுக்காது. பிரின்ட்டரிலிருந்து வந்ததை நேராகத் தொட்டியில் இறக்கினால் கிடைப்பது மின்னும் மேடு பள்ளம். வைப்ரோவில் 1, 2 மைக்ரானுக்கு வந்த பிறகு இறக்குங்கள்.

எதிர்முனைத் தகடு பாகத்தின் வடிவத்தைச் சுற்றி ஒரே தூரத்தில் வர வேண்டும். ஒரு பக்கம் நெருங்கினால் அங்கே அதிகம் கரையும். குமிழிகள் மேலேறும் பாதையில் கோடு விழும், அதனால் தட்டையான முகத்தைக் கீழ்நோக்கிப் படுக்கவைக்காமல் செங்குத்தாகத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டுங்கள்.

ஆசிட்டைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், தண்ணீரை ஆசிட்டில் ஊற்றக் கூடாது, கொதித்து முகத்தில் தெறிக்கும். ஆவி உறிஞ்சும் வசதி இல்லாத பட்டறையில் இதைத் தொடங்கவே வேண்டாம், தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுத்துச் செய்யுங்கள். நாங்களும் அப்படித்தான் பல வருடம் செய்தோம்.

ஏஎல்எஸ்ஐ10எம்ஜி அலுமினியத்தில் இது பளபளப்புத் தராது. அதில் பத்தில் ஒரு பங்கு சிலிக்கான். அலுமினியம் கரைய, சிலிக்கான் கரி பூசியது போல மேலே நிற்கும். டைட்டானியத்துக்கான திரவங்கள் வேறு ரகம், அவற்றில் சில வெடிக்கும், சில எலும்பு வரை அரிக்கும். சின்னப் பட்டறை வேலை இல்லை.

கடைசிக் கழுவலுக்குப் போர் தண்ணீர் வேண்டாம். எங்கள் தெருப் போரில் உப்பு அதிகம், காய்ந்ததும் வெள்ளை வட்டம் விழும், அதைத் துடைத்தால் கீறல். ஆர்ஓ தண்ணீரில் அலசி, வெந்நீரில் முக்கி எடுத்தால் தானே காயும். பிறகு சிட்ரிக் ஆசிட் கரைசலில் பாஸிவேஷன், அதாவது துருவைத் தடுக்கும் மேல்தோலை வலுவாக்குவது. பதிந்திருக்கும் இரும்புத் துணுக்கு ஏதாவது இருந்தால் அங்கே கரைந்துபோகும்.

12. அளப்பது

சொரசொரப்பு அளக்கும் ஊசியை லேயர் கோடுகளுக்குக் குறுக்கே ஓட்டுங்கள். கோட்டோடு ஓட்டினால் பள்ளத்துக்குள்ளேயே ஊசி ஓடிப் பொய்யாக நல்ல எண் காட்டும்.

கருவியின் கட்ஆஃப் அமைப்பைப் பாருங்கள், அதைவிட நீளமான அலைகளைக் கருவி வடிகட்டிவிடும். ஆர்ஏ 2 முதல் 10 வரை இருக்கும் முகத்துக்கு 2.5 மில்லிமீட்டர் கட்ஆஃப், 12.5 மில்லிமீட்டர் ஓட்டம். 2க்குக் கீழே வந்தால் 0.8 கட்ஆஃப், 4 மில்லிமீட்டர் ஓட்டம். கரடான முகத்தை 0.8இல் அளந்தால் அலை வடிகட்டப்பட்டு எண் குறைந்து வரும். "நீங்க 3னு சொன்னீங்க, எங்க ரிப்போர்ட்ல 5 வருது" என்று தொடங்கும் போன்களில் பாதி இந்த அமைப்பால்தான்.

ஆர்ஏவோடு ஆர்இசட்டும் (Rz, உச்சிக்கும் அடிக்கும் உள்ள உயரம்) எழுதுங்கள். தனியாக நிற்கும் ஒரு ஆழமான பள்ளம் ஆர்ஏவில் ஒளிந்துகொள்ளும், ஆர்இசட்டில் மாட்டிக்கொள்ளும். வளையும், அதிரும் பாகங்களில் விரிசல் தொடங்குவது அந்தப் பள்ளத்தில்தான்.

எந்த எண் வரை போக வேண்டும் என்பதை டிராயிங் சொல்லட்டும். நம் ஊரில் ஸ்டெயின்லெஸ் என்றாலே உருக்காலையின் 2பி தகடுதான் எல்லார் கண்ணிலும் இருக்கிறது. அது உருட்டி வந்த பரப்பு, அரை மைக்ரானுக்கும் கீழே. எல்லா முகத்திலும் அதைக் கேட்டால் கூலி பாகத்தின் விலையைத் தாண்டிவிடும். மாவு படும் முகங்களுக்கு மட்டும் ஆர்ஏ 0.8 என்று டிராயிங்கில் குறித்து, மற்றதைப் பிளாஸ்டிங்கோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

அந்தத் தம்பி இரண்டாவது முறை அப்படித்தான் கொண்டுவந்தார். பிளேடு 1.3 மில்லிமீட்டர், சப்போர்ட் எல்லாம் ஹப்பின் (பிளேடுகள் சேரும் நடுப்பகுதி) அடியில், காகிதத்தில் பிரின்ட் வளர்ந்த திசைக்கு ஒரு அம்புக்குறி. நான்கு நாளில் முடித்தோம். வாங்கிக்கொண்டு போகும்போது செய்தித்தாளில் சுற்றப் பார்த்தார். தாளின் ஈரமும் மையும் புதுப் பரப்பில் கறை விடும், பாலிதீன் பையைக் கொடுத்து அனுப்பினேன்.